நாலாவது கியரில் ஓர் ஏற்றம்

என் கணவர் பிரெட்ரிக்கிடம் வழி கேட்டால் போச்சு. இடது, வலது என்று சொல்லி விடமாட்டார். எங்கே கியர் மாற்ற வேண்டும், எங்கே லோரி எருமை மாதிரி முக்கும், எங்கே பிரேக் நாறும் என்று கேட்டவர் தலை சுற்றும்வரை சொல்லுவார். எஸ்டேட் தேயிலையைக் கீழே ஈப்போ நகரத்தில் இறக்கிவிட்டு, உர மூட்டைகளோடு மலையேறி வருவதுதான் பதினைந்து வருடமாக அவர் வேலை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, அப்பா இறந்த வருடமே லோரியில் எடுபிடியாக ஏறிக்கொண்டவர். பேச்சுத் துணை இல்லாமல் ரோட்டோடுதான் பேசிப் பழகினார் போலிருக்கிறது.

சைக்கிள் பந்தயம் மலைக்கு வரும் வருடங்களில் அவருக்குத் தனி மவுசு. லயத்து ஆட்கள் கியா பார்ம் சாலையோரத்தில் கூடிக்கொண்டு, "பிரெட்டு, இன்னைக்கு என்னா நடக்கும்?" என்று கேட்பார்கள்.

"கீழ அந்த வளைவுலதான் சைக்கிள் கூட்டம் ஒடையும். ஃபர்ஸ்ட் கியர் எடம் லா அது," என்பார்.

இரண்டு முறை அப்படியே நடந்தது. பக்கத்து வீட்டு நாகப்பன் அன்றிலிருந்து மழை வருமா என்றுகூட இவரிடம்தான் கேட்கிறார்.

நானும் நம்பினேன். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பந்தய சைக்கிள் ஓட்டுகிறவள் நான். பஹாங் மாநிலப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் எங்கள் சாலையிலேயே நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. கம்போங் ராஜாவில் தொடங்கி, கோலா தெர்லா வழியாகக் கியா பார்ம் ஏறி, தானா ராத்தாவில் முடியும். முதல் மூன்று பேருக்குத்தான் அணியில் இடம். எனக்கு இருபத்தெட்டு வயது. "இத விட்டா ஒனக்கு அடுத்தது இல்ல சிந்தியா," என்று கோச் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் பிரெட்ரிக் என்னை லோரியில் ஏற்றிக்கொண்டு அந்த வழி முழுக்க ஓட்டிக் காட்டினார். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே சாலை நீளமாகப் போகிறது. அங்கே நாலாவது கியரில், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்.

"இது சமம். இங்க எவளாச்சும் பறந்தா பறக்கட்டும், நீ கண்டுக்காத. மேல கியா பார்ம் வளைவுல நாக்கு தள்ளி நிப்பாளுங்க. அங்க நீ அடி, முந்திக்கலாம்."

பந்தயத்தன்று கோலா தெர்லாவில் மூன்று பேர் பறந்தார்கள். என் கால்கள் துடித்தன. கூடவே போயிருக்க முடியும், மூச்சு அவ்வளவு சீராக இருந்தது. போகட்டும் என்று விட்டேன். சொன்னவர் பிரெட்ரிக் அல்லவா? என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கோ அந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது, துரத்த ஒருவரும் முன்வரவில்லை. முன்னால் போன மூவரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் காற்றைத் தாங்கி, மற்றவர்களை முதுகுக்குப் பின்னால் வைத்து இழுத்துக்கொண்டு கண்ணிலிருந்தே மறைந்துபோனார்கள்.

வளைவில் அவர் நின்றிருந்தார். "அடி சிந்தியா! அந்தா போறாளுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எழுந்து நின்று மிதித்தேன். அவர் சொன்னபடியே மூவரும் அங்கே திணறத்தான் செய்தார்களாம். ஆனால் கோலா தெர்லாவில் எடுத்த தூரம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. தானா ராத்தாவில் நான் நாலாவதாக வந்தேன்.

சாலை திறந்த பிறகு லோரியோடு வந்து சேர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் காலு போகச் சொல்லுச்சு. உங்க பேச்சக் கேட்டு நின்னேன். அது சமம்னு யாருங்க சொன்னா உங்களுக்கு?"

அவர் சைக்கிளை லோரியில் ஏற்றினார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், கியா பார்மைத் தாண்டி இறங்கி, கோலா தெர்லாவின் கீழ்முனையில் போய் நிறுத்தினார்.

"எந்த எடத்துல பறந்தாளுங்க?" என்று கேட்டார். கையைக் காட்டினேன்.

சைக்கிளை இறக்கி, பூட்ஸ் காலோடு அவரே ஏறி மிதிக்க ஆரம்பித்தார். காய்கறி லோரிகள் பின்னால் ஹாரன் அடித்தன. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். முதலில் வேகமாகத்தான் போனார். பிறகு உடம்பு இரண்டு பக்கமும் ஆடியது. கொஞ்ச தூரத்தில் சைக்கிள் தானாகவே நின்றுவிட்டது. விழுந்துவிடுவாரோ என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். மூச்சு இரைத்தது, கண்ணில் நீர் வழிந்தது.

"ஏத்தம் சிந்தியா," என்றார். "இது ஏத்தம் லா. இத்தன வருசமா லோரிதான் ஏறியிருக்கு. நான் ஏறவே இல்ல."

அணியில் போன இடம் போனதுதான். என் கோபமும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நடுரோட்டில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.