ஆறாம் எண் சட்டை

2024 ஜனவரி 28, ஞாயிறு. காலை 4.30க்கு எழுந்தேன். பல் துலக்கி, வெந்நீர் வைத்துவிட்டு, வாசலில் நிற்கும் காரின் நான்கு டயர்களையும் கையால் தட்டிப் பார்த்தேன். 4.50க்கு மகளை எழுப்பினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. மனைவி இட்லி கட்டி வைத்திருந்தாள். நான் என் ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். 5.15க்கு கார் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூவரும் தலை குனிந்தோம். வெளியூர் போகிற நாளில் சாவியை மேசைமேல் வைத்து ஜெபம் செய்த பிறகே கையில் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"ரெண்டு பக்கத்துப் புள்ளைங்களுக்கும் அடிபடாம பாத்துக்கும் ஆண்டவரே" என்று மனைவி முடித்தாள். அவள் ஜெபத்தில் எதிரணிப் பிள்ளைகளும் எப்போதும் வந்துவிடுவார்கள். சபையில் பாடகர் குழுவில் இருக்கிறாள், ஞாயிறு ஆராதனையை விட முடியாது. அதனால் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் கால்பந்துப் பயணம் எப்போதும் நானும் மகளும் மட்டும்தான். மற்ற பிள்ளைகள் கோச்சோடு வேனில் வருவார்கள். என் மகளுக்கு வேனில் வாந்தி வரும்.

5.22க்கு வண்டியை எடுத்தேன்.

அந்த சீசனில் அது எங்களுக்குப் பன்னிரண்டாவது பயணம். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. சாலையிலும் டீக்கடையிலும் சேர்த்து நான்கு மணி நேரம் போகும், ஆட்டம் ஐம்பது நிமிடம். இது தேவையா என்று என்னைக் கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. சித்தூரில் அவள் வயதுப் பெண்களுக்கு இரண்டே அணிகள். இரண்டிலும் அவளைத் துரத்திப் பிடிக்க ஆள் கிடையாது. திருப்பதி லீக்கில் எட்டு அணிகள். நவம்பரில் பந்து தன்னிடம் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தவள், ஜனவரியில் பந்தை எதிர்கொண்டு போய் எடுத்தாள். அதை என் கண்ணால் பார்த்தேன். இந்த வித்தியாசத்துக்கு எழுபது கிலோமீட்டர் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவள் எப்போதும் காயமில்லாமல் திரும்பி வரவில்லை. நான் எதையும் எழுதி வைக்கிறவன். மாம்பழக்கூழ் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறேன். ஒவ்வொரு டின்னிலும் ஒரு எண் இருக்கும். அதைச் சொன்னால் எந்த நாள், எந்த லோடு, எந்தத் தோப்பு என்று சொல்லிவிடுவேன். அதே பழக்கத்தில் மகளின் ஆட்டங்களுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். யார் அடித்தது, சட்டை நிறம், எண், எந்த நிமிடம், உடம்பில் எந்த இடம்.

ஊதாச் சட்டை அணியோடு அதற்கு முன் இரண்டு தடவை ஆடியிருந்தார்கள். நவம்பரில்: "ஊதா 6. பின்னாலிருந்து. இடது கணுக்கால், வீக்கம் ஒன்பது நாள்." டிசம்பரில்: "ஊதா 6. ஷூவின் முள் வலது முழங்காலுக்குக் கீழே கிழித்தது. மூன்று தையல்." அந்த டிசம்பர் ஞாயிறு அவள் சாக்ஸைக் கழற்றியபோது ரத்தம் உறைந்து துணி தோலோடு ஒட்டியிருந்தது. மனைவி வெந்நீர் ஊற்றி ஊற்றி உரித்தாள். மகள் என் தோளைக் கடித்துக்கொண்டாள். பல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

"நூத்தி நாப்பது கிலோமீட்டரு போய் ஒதை வாங்கினு வரணுமா? நம்ம தெருவுல ஒதைக்க ஆள் இல்லியா?" என்றாள் மனைவி. பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "இன்னொரு தபா ரத்தத்தோட வந்தான்னா அதோட சரி. ஷூவத் தூக்கிக் கெணத்துல போட்டுடுவேன்."

எங்கள் வீட்டில் கிணறு கிடையாது. ஆனால் சொன்னதைச் செய்கிறவள்.

இந்த ஞாயிறு ஆட்டத்தையும் சேர்த்து இன்னும் இரண்டு ஆட்டங்களும் பிறகு பிப்ரவரியில் கடைசி ஆட்டமும் இருந்தன. கடைசி ஆட்டத்துக்கு மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள். அதுவரை மகள் காயமில்லாமல் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த ஞாயிறு எதிரே நிற்கப்போவது ஊதா அணி.

பாகாலா தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி நோட்டை எடுத்தேன். இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது, வீட்டில் ஜெபம், பாகாலாவில் நோட்டு. பனி இறங்கியிருந்ததால் கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டேன்.

"ஊதா ஆறு இன்னா பண்ணுவா?"

"பின்னால வந்து கால வாருவா, நைனா."

"எப்போ?"

"நான் பந்த ரெண்டாவது தபா தொடும்போது."

"அப்போ நீ இன்னா பண்ணணும்?"

இட்லியை மென்றுகொண்டிருந்தாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அவ வர்றதுக்கு முன்ன நான் போணும்."

"முழுசா போ. பாதி மனசோட போனா ஒனக்குத்தான் அடி. ஒரே ஒரு தபா. அதுக்கப்புறம் ஒன் கிட்ட வரமாட்டா."

"ரெட் கார்டு குடுத்துட்டா?"

"குடுக்கட்டும். கால் இருந்தாத்தான கார்டு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆட்டம் 8.30க்குத் தொடங்கியது. மைதானத்தில் புல் பாதி, செம்மண் பாதி. ஊதா அணி வரிசையாக உள்ளே வந்தபோது ஆறாம் எண்ணைத் தேடினேன். சட்டை அவளுக்குப் பெரிசு. கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. அதைப் பார்த்தேன், எழுதவில்லை.

ஆரம்பத்திலிருந்தே மோசமான ஆட்டம். நான்காவது நிமிடத்தில் எங்கள் பெண் ஒருத்தியின் மூக்கில் முழங்கை பட்டு ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது. பதினோராவது நிமிடத்தில் எங்கள் பெண் ஒருத்தி எதிரணிக்காரியின் பின்னலைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தாள். கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் நாங்கள் கையைத் தட்டினோம். அந்தப் பக்கத்தில் அவர்களும் தட்டினார்கள். "வுடாத, ஏறி அடி!" என்று எங்கள் பக்கத்தில் கத்தியவர் வார நாட்களில் தபால் அலுவலகத்தில் மெதுவாகப் பேசுகிறவர். அவர் கத்தியது சரியென்றே எனக்கும் பட்டது.

முப்பத்தோராவது நிமிடம். பந்து நடுவில் கிடந்தது. ஆறாம் எண் அதை நோக்கி ஓடி வந்தாள். என் மகள் பக்கவாட்டிலிருந்து வந்தாள். அவள் பந்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டு போய் விழுந்தாள்.

சத்தம் கேட்டது. மாங்காய்ப் பெட்டியை லாரியிலிருந்து கீழே எறியும்போது பலகை முறியும், அதே சத்தம். ஊதாப் பெண்ணின் வலது கால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, மூட்டு இல்லாத இடத்தில், மடிந்திருந்தது. அவள் உடனே அழவில்லை. எழுந்து உட்கார்ந்து தன் காலைப் பார்த்தாள். பிறகுதான் கத்தினாள். அப்படி ஒரு கத்தலை நான் அதுவரை கேட்டதில்லை.

நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். ஒரு ஆட்டம் தடை. அப்படியென்றால் அடுத்தது போகும், பிப்ரவரிக் கடைசி ஆட்டத்துக்கு இருப்பாள். அந்தப் பிள்ளை தரையில் கிடந்து துடிக்கும்போதே இந்தக் கணக்கை நான் போட்டு முடித்திருந்தேன்.

ஊதாப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் கோட்டைத் தாண்டி ஓடினான். என் மகளின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். நான் எப்படி நடுவில் போனேன் என்று நினைவில்லை. கையில் தண்ணீர் நிறைந்த ஸ்டீல் பாட்டில் இருந்தது, அதை அவன் காதோடு சேர்த்து வீசினேன். அவன் மண்டியிட்டான். இன்னொரு தடவை தோளில் அடித்தேன். அவன் விழுந்துவிட்டான் என்று தெரிந்தும் மூன்றாவது தடவை ஓங்கினேன். பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் என் மூக்குக் கண்ணாடி விழுந்து மிதிபட்டது. தபால் அலுவலகத்துக்காரர் மூலைக் கொடிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். இரண்டு ஊர்த் தாய்மார்களும் ஒருவர் மேல் ஒருவர் செருப்பை எறிந்தார்கள். பிள்ளைகள் இருபது பேரும் நடு மைதானத்தில் ஒன்றாக நின்று, சட்டை நிறம் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

சண்டையில் சேராத பெரியவர் ஒருவர்தான். காலொடிந்த பெண்ணின் தகப்பனார். ஒல்லியான மனிதர். மகளின் தலையை மடியில் வைத்து, கால் பக்கம் அவள் பார்க்காதபடி கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சண்டை அடங்கியபோது ஆட்டோ கிடைக்கவில்லை. என் கார்தான் மைதான வாசலுக்கு அருகில் இருந்தது. என் மகள் முன் சீட்டில், அவர்கள் இருவரும் பின்னால். கார் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அந்தப் பிள்ளை பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடி இல்லாமல் மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டருக்காகக் காத்திருந்தபோது அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

"ஏம் சார், இதேனா மீரு நேர்பிந்தி?"

இதுதானா நீங்கள் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். நோட்டு என் பேன்ட் பையில் இருந்தது. எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன், உங்கள் மகள் என் மகளை இரண்டு தடவை அடித்திருக்கிறாள், டிசம்பரில் மூன்று தையல் என்று.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். என் மகள் இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆடுகிறாள் என்றார்.

பின்னால் வந்து சேர்ந்த ஊதா அணியின் கோச்தான் விளக்கினார். அவர் சத்தியவேடு பக்கத்துத் தமிழர். "சட்டைங்கள மொத்தமா ஒரு பையில கொட்டி வச்சிருப்போம் சார். எந்தப் புள்ளைக்கு எது கையில வருதோ அதுதான். நவம்பர்ல ஆறு போட்டவ இப்ப கோல்ல நிக்கிறா. டிசம்பர்ல போட்டவளுக்கு ஜொரம், வரல."

நான் துரத்திய ஊதா ஆறு என்று ஒருத்தி எந்த நாளிலும் இருந்ததில்லை. மூன்று பிள்ளைகளையும் ஒரே டின் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது சந்திரகிரி தாண்டினோம். பிறகு நான் கேட்டேன்: "ஒனக்கு வித்தியாசம் தெரியலியா?"

"மூஞ்சி வேற மாதிரிதான் இருந்திச்சி, நைனா" என்றாள். "நீ ஆறுன்ன. ஆறுதான போட்டிருந்தா."

சித்தூரிலேயே ஆடியிருந்தால் எதிரே நிற்பவள் யார் வீட்டுப் பிள்ளை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும். கடைத்தெருவில் அவள் அம்மாவைப் பார்த்திருப்போம். எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போனதால் எண் மட்டும் போதும் என்று இருந்துவிட்டேன். தூரத்தின் மேல் பழி போட இது வசதியான யோசனை. பூதலப்பட்டு வருவதற்குள் அதையும் விட்டுவிட்டேன். நோட்டு எழுதியது சாலை அல்ல.

மாலை 4.40க்கு வீடு வந்தோம். மனைவி வழக்கம்போல வெந்நீரும் பஞ்சும் தயாராக வைத்திருந்தாள். மகளை நாற்காலியில் உட்காரவைத்து சாக்ஸைக் கழற்றி, முழங்கால், கணுக்கால், பாதம் எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"ஒரு கீறலு கூட இல்லியே! ஸ்தோத்திரம்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. அவள் போட்ட நிபந்தனைப்படி மகள் தொடர்ந்து ஆடலாம்.

பிறகு பாட்டிலைக் கழுவ எடுத்தாள். அடியில் ஒரு பள்ளம். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி இல்லாத என் முகத்தைப் பார்த்தாள். மகள் அழ ஆரம்பித்தாள். பாகாலாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். "நைனா சொல்லிச்சி, நான் செஞ்சேன்" என்று முடித்தாள். நான் ஒரு இடத்தில்கூட திருத்தவில்லை. திருத்த எதுவும் இல்லை.

மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். நான் வைத்திருந்த கார் சாவி அங்கே கிடந்தது. தலை குனிந்து ஜெபம் தொடங்கினாள். இரண்டு வார்த்தையில் நிறுத்திவிட்டாள்.

"அந்தப் புள்ள பேரு இன்னா?"

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை என் காரின் பின் சீட்டில் அரை மணி நேரம் துடித்துக்கொண்டு வந்தாள். அவள் தகப்பனாரின் போன் நம்பரை ஆஸ்பத்திரியில் வாங்கி நோட்டில் எழுதியிருந்தேன். சட்டை எண்ணும், நிமிடமும், எந்தக் கால் என்பதும் எழுதியிருந்தேன்.

"தெரியாது" என்றேன்.

"ஒரு புள்ள கால ஒடிச்சிட்டு, பேரு கூட கேக்காம எழுபது கிலோமீட்டரு வண்டி ஓட்டினு வந்துக்கிறீங்க" என்றாள். "நான் இன்னான்னு ஜெபம் பண்றது? ஆறாம் நம்பருன்னா?"

அன்று வீட்டில் ஜெபம் நடக்கவில்லை. மகளின் ஷூ வாசலில் செம்மண்ணோடு கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

ஜனவரி 29, திங்கள். 4.30க்கு விழித்தேன். ஆறு மணிக்கு முன்னால் ஒருவரை எழுப்பக்கூடாது என்று படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். மகளும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு அடித்ததும், பல் துலக்குவதற்கு முன், முதல் வேலையாக அந்தத் தகப்பனாருக்குப் போன் செய்து அவர் மகளின் பெயர் என்ன என்று கேட்டேன்.