நெற்றியில் பெயர் எழுதிய பஸ்

கரூரில் மும்பை ரயில் ஏறும்போது என் மடியில் ஒரு பஸ் இருந்தது. ஒரு முழ நீளம். எங்கள் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் மிஞ்சிய தகடுகளை வெட்டி, வெல்டர் சுடலைமுத்து அண்ணன் செய்தது. கதவு திறக்கும், சக்கரம் உருளும். பெயிண்டர் அதன் நெற்றியில் 'கவிதா' என்று எழுதிக் கொடுத்தார். பஸ் வாங்க வரும் முதலாளிகள் தங்கள் பெண்பிள்ளையின் பெயரை அங்கேதான் எழுதச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது.

கவிதா எங்களுக்கு உறவில்லை. தாராவியில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தை. பல நாடுகளில் வேலை செய்கிற ஓர் உதவி நிறுவனம் அவள் படத்தை எனக்கு அனுப்பியிருந்தது. ஷெட்டில் பில் போடுவது என் வேலை. முதலில் நான் மட்டும் அவளுக்காக மாதாமாதம் பணம் கொடுத்தேன். அப்புறம் ஷெட்டில் மற்றவர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் நம்பியது நிறுவனத்தை அல்ல, இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்ன என்னை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். "படிச்ச பையன் சொல்றான்" என்பதுதான் ஷெட்டில் எனக்கு இருக்கும் மரியாதை.

சில மாதத்தில் கேள்விகள் வந்தன. அவர்கள் ஆபீஸ் ஏசிக்கும் காருக்கும் போக மிச்சம்தான் பிள்ளைக்கா? மதம் மாற்றுகிறார்களா? வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம் காசு எதற்கு? "நேர்ல போய்ப் பாத்துட்டு வா. பிள்ளை இருந்தா தொடருவோம். இல்லேன்னா உன் படிப்பையும் சேத்து மூட்டை கட்டிருவோம்" என்றார் சுடலைமுத்து அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அன்றிரவே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

வெள்ளி மாலை தாதரில் இறங்கி மாட்டுங்காவில் அறை எடுத்தேன். காலையில் ஸ்டேஷன் அருகே இட்லி, வடை, காபி நூற்று முப்பது ரூபாய். கரூரில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் சாப்பிடலாம். ஆனால் காபி நம் ஊர்க் காபிதான். பக்கத்து மேசையில் மூன்று பேர் தமிழில் ஆரம்பித்து, இந்தியில் சண்டை போட்டு, இங்கிலீஷில் பில் கொடுத்தார்கள். பத்து ரூபாய் டிக்கெட் எடுத்து, குர்லாவில் ரயில் மாறிச் செம்பூர் சேர்ந்தேன்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. லிப்ட் இல்லை. ஏசி இருந்தது, ஓடவில்லை. அதன் பொறுப்பாளர் வித்யா மேடம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "வாங்கோ, ரயில்ல தூக்கம் வந்துதா?" என்றவர், பஸ்ஸின் நெற்றியைப் படித்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இதை அந்தக் குழந்தைக்குத் தர முடியாதே. யார் கவிதான்னு நான் காட்டவும் மாட்டேன். ஒரு குழந்தைக்குக் கொடுத்தா மத்ததெல்லாம் என்ன பண்ணும், சொல்லுங்கோ? உங்க பணமும் அவளுக்குன்னு தனியாப் போறதில்லை. அவ இருக்கற சந்துல, அம்மாக்கள் வேலைக்குப் போறச்சே குழந்தைகளைப் பாத்துக்கற ஒரு காப்பகம் நடத்தறோம். அதுக்குப் போறது."

எனக்குக் காது சுட்டது. "அப்ப எதுக்கு மேடம் படம் அனுப்பினீங்க?"

"ஒரு முகம் இருந்தாத்தானே எல்லாரும் கொடுக்கறா? படத்தோட அனுப்பின தாள்ல மூணாவது பக்கத்துல போட்டிருக்கோமே, பொதுச் செலவுக்குன்னு."

மூன்றாவது பக்கத்தை நான் படித்திருந்தேன். ஷெட்டில் சொல்லும்போது, பிள்ளை கதை நன்றாக இருந்ததால், அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏசிக் கேள்வியைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீச்சர் சம்பளம், வாடகை, ஆடிட்டர், தன் சம்பளம் எல்லாம் வருகிற நன்கொடையிலிருந்துதான் என்றார். முன்பு வெளிநாட்டுப் பணம்தான் அதிகம் வந்ததாம், இப்போது இங்கிருப்பவர்களும் கொடுக்கிறார்களாம். நான் என்னை நினைத்துக்கொண்டேன். ஷெட்டில் நான் ஒரு வெல்டுகூட வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பஸ் விலையிலும் என் சம்பளம் இருக்கிறது. அந்தக் கேள்வி அதோடு தீர்ந்தது. மற்றவை தீரவில்லை.

காப்பகத்தைக் காட்ட மேடம் என்னைக் கூட்டிப் போனார். சயான் வரை ஆட்டோ, மீட்டரில் தொண்ணூறு ரூபாய். டிரைவர் கண்ணாடியில் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு வந்தார். விற்கவா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றதும், "அப்புறம் எதுக்கு இவ்வளவு சோகமா வெச்சிருக்கீங்க?" என்றார். மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து நடந்து தாராவிக்குள் போனோம். காப்பகம் ஒரு தையல் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணிப்படி ஏறினால் ஒரே அறை. சுவர் ஓரம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை இவர்கள் கேட்பதற்கெல்லாம் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

பேச்சியம்மாள் என்ற அக்கா ஆரம்பித்தார். திருநெல்வேலிப் பேச்சு, நடுவில் இந்தி. "மேடம், ஆறு மணிக்குப் பூட்டுனா நாங்க என்ன செய்ய? கேட்டரிங்ல எட்டுக்குத்தான் சுட்டி, அப்பத்தான் வீட்டுக்கு விடுதான். போன மாசமும் கேட்டேன். தலைய ஆட்டிட்டுப் போனீக."

"ரெண்டாவது டீச்சர் வந்தாச்சு. திங்கள்லேர்ந்து எட்டரை வரைக்கும்."

"பக்காவா? இல்ல போன மாசம் மாதிரியா?"

"பக்கா."

இன்னொருவர் பிள்ளைகளின் பால் தண்ணியாக இருக்கிறது என்றார். மேடம் வியர்த்துப்போய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கரூரிலிருந்து நான் தூக்கி வந்த கேள்விகளைவிட இவை காரமாக இருந்தன.

பிறகு பேச்சியம்மாள் அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி யாரு? காசு குடுக்கிற ஆளா? எங்க பிள்ளைக படத்தப் பாத்தாத்தான் குடுப்பீகளோ?"

"ஆமாக்கா. படத்தைப் பாத்துத்தான் ஆரம்பிச்சேன்."

"சரி, உள்ளதச் சொல்லுதான்" என்றார் மற்றவர்களிடம்.

அந்தத் தைரியத்தில் மதக் கேள்வியைக் கேட்டேன். அறையே சிரித்தது. "மதமா? எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டதுக்கே ரூல்ஸ் இல்லேன்னுட்டாக! எந்தச் சாமிக்கும் கிடையாதாம். கஞ்சப் பயலுக!"

இதைவிட நல்ல பதிலை எந்த இணையதளமும் எனக்குத் தந்ததில்லை.

சத்தத்தில் பிள்ளைகள் எழுந்து பஸ்ஸைப் பார்த்துவிட்டார்கள். மேடம் முகத்தில் பயம். நான் முந்திக்கொண்டேன். "இது காப்பகத்துக்கு. பேரை மட்டும் அழிக்கணும்." எதிரே டப்பாக்களுக்கு வண்ணம் அடிக்கும் கடை இருந்தது. இருபது ரூபாய்க்கு நெற்றியில் மஞ்சள் அடித்தார்கள். காய்வதற்குள், அங்கே எந்த ஊர்ப் பெயரை எழுதுவது என்று அம்மாக்களுக்குள் சண்டை வந்தது. தூத்துக்குடி என்று எழுதச் சொன்னார் ஒருவர், சங்கரன்கோவில் என்றார் இன்னொருவர்.

"தாராவின்னு எழுதுங்க" என்றார் பேச்சியம்மாள் அக்கா. "ஊருக்குப் போற பஸ்ஸெல்லாம் பாத்தாச்சு. இங்க வார பஸ்ஸு ஒண்ணு இருக்கட்டும்."

பிள்ளைகள் அதை அறை முழுக்க உருட்டினார்கள். கவிதா அதில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். தேடக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கண் இரண்டு தடவை தேடியது.

மறுநாள் தாதர் பிளாட்பாரத்திலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பிள்ளையப் பாத்தியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது பக்கத்தையும் சொன்னேன். "எந்தப் பிள்ளைன்னு தெரியாதுண்ணே. ரூம் நிறைய பிள்ளைங்க. எல்லாம் நல்லா இருக்கு. பேரை அழிச்சாச்சு. பஸ்ஸு எல்லாருக்கும் பொது."

என் ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. என் மரியாதை ஷெட்டில் இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன்.

"நாம என்ன காரா செஞ்சு குடுத்தோம்?" என்றார் அண்ணன். "பஸ்ஸுதானடா. எல்லாரும் ஏறட்டும். நீ பாத்து வா."

கை வீசிக்கொண்டு ரயில் ஏறினேன். உட்காரும்போது, மடியில் ஒன்றும் இல்லாததால், கால்களை நன்றாக நீட்ட முடிந்தது.