மரம் விழுந்த சாலையில் பின்னால் வந்தவர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சங்கராபுரம் பக்கம் எங்கள் கிராமத்துப் பெண்களுக்கென்று அரசாங்கம் தனியாகப் பால் சங்கம் அமைத்துக் கொடுத்திருந்தது. தலைவியாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குறித்த நாளில் கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்கு நானே போய்ப் பொறுப்பேற்க வேண்டும். போகாவிட்டால் எங்களை ஆண்கள் சங்கத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு.

அன்று பார்த்து பஸ் எதுவும் ஓடவில்லை. சாலையெங்கும் போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"தலைவியும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்லயே இரு" என்றார் காய்ச்சலில் கிடந்த என் கணவர். மனசு கேட்கவில்லை. தனியாகவே நடந்தேன்.

பட்டப்பகல்தான். ஆனால் ஒரு சத்தம் இல்லை. கல்வராயன் மலை தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது. புளிய மரங்கள் பச்சை இலையோடு குறுக்கே கிடந்தன. உட்கார இடமில்லாத காக்கைகள் கத்தாமல் மேலேயே சுற்றின. கதவு திறந்தபடி ஒரு பஸ் நின்றது. உள்ளே ஆளில்லை. ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

அதைத் தாண்டியதும் பின்னால் சருகு மிதிபடும் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பினேன். துண்டால் முகத்தை மூடிய ஒருவர் நின்றிருந்தார்.

"எங்கம்மா போற?"

எப்படியோ விஷயத்தைச் சொன்னேன்.

"பொம்பளைங்க சங்கமா? எம் பொண்டாட்டியும் மாடு வெச்சிக்கினு அல்லாடுது. நீ போ. முன்னால நம்ம ஆளுங்க இருக்காங்க, நான் பின்னாலயே வரேன். திரும்பிப் பாக்காத."

சாய்ந்த மரங்களுக்குப் பின்னால் ஆட்கள் குந்தியிருந்தார்கள். எல்லார் கண்ணும் என் மேல். எனக்குப் பின்னால் மெல்ல ஒரு சீட்டி கேட்கும். உடனே கிளைகள் ஒதுங்கி வழி விடும். கள்ளக்குறிச்சி எல்லையில் காலடிச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். வெறும் சாலை.

அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி மட்டும் இருந்தார். "யாருமே வரமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நீட்டிய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்று தன் வீட்டிலேயே என்னைத் தங்கவைத்தார்.

எங்கள் சங்கம் இன்றும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. அந்த மனிதர் யாரென்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. பால் ஊற்ற வருகிற பெண்களோடு யார் துணைக்கு வந்தாலும், இவராக இருக்குமோ என்று எழுந்து நின்று பேசுகிற பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான்.