டி.பி. பதினெட்டு

அன்றைக்குத் தக்கலையில் சைக்கிள் கடை முன்னால் நின்றவர்கள் இவர்கள்தான்: மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரன் ஞானமுத்து, அவன் மனைவி எஸ்தர், சைக்கிள் கடைக் குமரேசன், பஸ் டிரைவர் தாணு, அப்புறம் நான். ஐந்து பேர். கடைத்தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தின்றுகொண்டிருந்த ஆட்டையும் சேர்த்தால் ஆறு. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, "ஓய் டிரைவரே, வண்டிய எடுப்பீரா மாட்டீரா?" என்று கத்திக்கொண்டிருந்தவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து ஆள் கணக்கு எடுப்பதற்குக் காரணம் என் பேரன். பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறான். பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு வடக்கே மலைப்பக்கமெல்லாம் டூர் போகப் போகிறானாம். போன வாரம் வண்டியைக் காட்டினான். சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஒருவர் போனால் முன் சக்கரத்தில் இவ்வளவு காற்று, பின்னால் இவ்வளவு. இரண்டு பேர் போனால் இவ்வளவு. "இதையெல்லாம் எவன் தாத்தா படிக்கான்?" என்றான். நான் குந்தி உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எழுந்திருக்க முடியவில்லை. முட்டுவலி ஒரு பக்கம் இருக்கட்டும். புது டயர் மணத்தோடு சேர்ந்து எங்கிருந்தோ கறுப்பு வார்னிஷ் மணமும் மூக்குக்குள் ஏறிவிட்டது.

வார்னிஷ் மணம் என்றால் எனக்கு இரும்புக்கடை. ஏழாம் கிளாசில் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் போய்ச் சேர்ந்த இடம். ஆணி, தாழ்ப்பாள், கேட்டுக்கு அடிக்கிற தார் வார்னிஷ் எல்லாம் விற்போம். ராத்தல், அதாவது பவுண்டு, கணக்கில் ஆணி நிறுத்துக் கொடுத்தே எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. கடையில் என் பெயர் வெப்ராளம். எங்கள் ஊரில் பதற்றத்துக்கு அப்படிச் சொல்வோம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஞானமுத்து என் கூட்டாளி. கிறிஸ்தவக் கோயில்களில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டிகளை ரிப்பேர் பார்ப்பவன். துருத்தித் தோலில் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தால்கூடக் காதை வைத்தே கண்டுபிடிப்பான். பீருமேட்டுப் பக்கம் எஸ்டேட் கோயில்களில் பன்னிரண்டு பெட்டிகள் பாட்டில்லாமல் கிடக்கின்றன, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து சரிபண்ணித் தரவேண்டும் என்று அவனுக்குக் கடிதம் வந்தது. மலைமேல் பஸ் கிடையாது. அதற்காகத்தான் இரண்டாம் உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். எஸ்தரும் கூடப் போனால்தான் வேலை நடக்கும். தோல் வெட்டி ஒட்டுகிற கைப்பாங்கு அவளுக்குத்தான் உண்டு. அவன் வெட்டினால் கோணிப்போகும்.

வண்டி வந்த அன்றைக்கே நான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மணல் நிறம். முன் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, டி, பி. பக்கத்தில் பதினெட்டு. பின் மட்கார்டிலும் அதே டி.பி., ஆனால் இருபத்துநாலு. எழுத்து படிக்கத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதுதான் என் படிப்பு. டி.பி. என்றால் திருவிதாங்கூர் போலீஸ் இல்லாமல் வேறு என்ன? அதுவும் ஒரே வண்டிக்கு முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்! இரண்டு போலீஸ் வண்டிகளைத் திருடிப் பிய்த்து ஒன்றாக மாட்டி இவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். நீங்களாக இருந்தால் கூட்டாளியிடம் கேட்டிருப்பீர்கள். கேட்டால் அவனும் பயப்படுவானே என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து ஒரு டப்பி தார் வார்னிஷ் எடுத்துப்போய் இரண்டு மட்கார்டிலும் பூசினேன். உலை வைக்க முன்கூட்டியே திரும்பி வந்த எஸ்தர் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணே, வண்டிக்குக் கண்மை போடுதியளா?"

"துரு பிடிக்காம இருக்கதுக்காக்கும்" என்றேன்.

ஞானமுத்து வந்து பார்த்துவிட்டு, "கறுப்பு எடுப்பா இருக்குலே மக்கா" என்று முதுகில் தட்டினான். காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

டூர் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போதுதான் காற்றுப் பிரச்சினை வந்தது. குமரேசனுக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் டயர். பெருவிரலால் அமுக்குவான், அமுங்காவிட்டால் சரி. "ரெண்டு ஆளு, தோல்பெட்டி, சாமான் பெட்டி. பாரம் கூடினா காத்தும் கூடணும்லா" என்று பம்பால் அடித்தான். நான் பக்கத்தில் நின்று, போதாது போதாது என்று சொல்லி இன்னும் இருபது அடி அடிக்க வைத்தேன். டயர் கருங்கல்லாகிவிட்டது. பெட்டிகளைக் கட்டி, எஸ்தரை ஏற்றிக்கொண்டு பழக்கம் பார்க்கப் போனார்கள். மழை நனைத்த சிமெண்டு ரோடு. புலியூர்க்குறிச்சி வளைவில் பின் சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி, இரண்டு பேரும் ஓடைக்கரைப் புல்லில் போய் விழுந்தார்கள். எஸ்தருக்கு முழங்கையில் தோல் உரிந்தது. புல்லாக இருந்ததால் அந்த மட்டோடு போயிற்று. மலையில் வளைவுக்கு அப்பால் புல் இருக்காது, பள்ளம்தான் இருக்கும்.

மறுநாள் குமரேசன் பயந்து காற்றை இறக்கினான். இப்போது வண்டி பாம்பு போல நெளிந்தது. கடைவாசலிலேயே எஸ்தர் இறங்கிவிட்டாள்.

"நான் வரல்ல. நீங்களும் போகண்டாம். பன்னெண்டு கோயில்லயும் இந்த வருஷம் கையடிச்சிப் பாடட்டும்."

ஞானமுத்து குனிந்து சக்கரத்தில் காதை வைத்துப் பார்த்தான். காற்றை வைத்துப் பிழைக்கிறவனுக்குக் காற்று பிடி கொடுக்கவில்லை. அப்போதுதான் தாணு டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினான். பட்டாளத்தில் பர்மா பக்கம் லாரி ஓட்டியவன். கிளாஸோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"ஏலே, இதுக்கு எதுக்கு மண்டைய உடைக்கியோ? காத்து எவ்வளவுன்னு வண்டியிலயே எழுதியிருக்குமே."

"எங்க?" என்றான் ஞானமுத்து.

"மட்கார்டுலதான். டி.பி.ன்னு போட்டு."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "டி.பி.ன்னா திருவிதாங்கூர் போலீஸ் இல்லியா?"

தாணு டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். "டயர் பிரஷராக்கும் மக்கா! இங்கிலீஷ்காரனுக்கு ஒம்ம போலீஸத் தெரியுமா ஓய்?"

எஸ்தர் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "கண்மை போட்டது இதுக்குத்தானா?"

ஞானமுத்து என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்காது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கடைக்கு ஓடினேன். மண்ணெண்ணெயும் கந்தலும் எடுத்துவந்து முன் மட்கார்டைத் துடைத்தேன். தார் கரைந்து வழிந்தது. அடியில் டி, பி, ஒன்று, எட்டு, வெள்ளையாக அப்படியே எழும்பி வந்தன. எந்த ஊரில் எந்த மனுஷன் எழுதியதோ! கப்பலேறி, பாலைவனம் கடந்து, ஏலத்தில் விழுந்து, என் வார்னிஷையும் தாண்டி வந்து நின்ற எண். துணியால் துடைக்கப் பொறுமை இல்லாமல் பின்பக்கத்தை ஆணியால் சுரண்டிவிட்டேன். இரண்டு மட்டும் நின்றது. அடுத்த எண் தாரோடு உரிந்துபோயிற்று.

"தொலச்சியே" என்றான் தாணு. "இருபத்தொண்ணா, இருபத்தாறா?"

"இருபத்துநாலு" என்றேன்.

"ஒறப்பா?"

"வார்னிஷ் பூசுத வரைக்கும் அஞ்சு நாளு அந்த நம்பர நெனச்சுத்தான் எனக்குச் சோறு எறங்கல்ல."

எஸ்தர் முதல்தடவையாகச் சிரித்தாள். "அப்ப செரியாத்தான் இருக்கும்."

தாணு தன் காக்கிப் பையிலிருந்து பென்சில் அளவுக்கு ஒரு பித்தளைக் குழல் எடுத்தான். டயரின் வால்வில் வைத்து அமுக்கினான். 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். குழலின் அடியிலிருந்து ஒரு குச்சி வெளியே நீண்டது. குச்சியில் எண்கள். காற்று தன் கணக்கைத் தானே வெளியே நீட்டிச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது. கேட்க வெட்கம். அவனே இன்னொரு தடவை வைத்துக் காட்டினான்.

"ஒரு இஞ்சு சதுரத்துக்குப் பதினெட்டு ராத்தல்" என்றான்.

ஆணி நிறுக்கிறவனுக்கு இது புரியவில்லை. "ஞானமுத்து ஒருத்தனே நூத்தி முப்பது ராத்தல் இருப்பானே. பதினெட்டு எப்பிடித் தாங்கும்?"

தாணு உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தான். "டயரு தரையத் தொடுறது இவ்வளவு அகலம். இதுக்குள்ள எத்தன இஞ்சு இருக்கோ, ஒவ்வொண்ணும் பதினெட்டு ராத்தல் சொமக்கும். நீ கல்லு மாதிரி அடிச்சா என்னாவும்? உள்ளங்கை சுருங்கி ரெண்டு வெரலாப் போவும். பிடிக்க எடம் இல்லாம வழுக்கும். காத்து கொறஞ்சா உள்ளங்கை விரியும், ஆனா டயரு தொவண்டு நெளியும். எழுதியிருக்கது ஒத்தைப் பட்டாளத்தானுக்கு. தங்கச்சியும் பெட்டியும் ஏறும்போது முன்னால ரெண்டு கூட்டு, பின்னால ஆறு. இருபது, முப்பது. வெளிய போவுமுன்ன காலம்பற பாக்கணும். ஓடிச் சூடானா காத்து தானே ஏறும். ஏறிட்டுதேன்னு பயந்து பேடிச்சு எடுத்து விடப்பிடாது, கேட்டியா?"

தன் பஸ்ஸில் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லி அந்தக் குழலை ஞானமுத்து கையில் கொடுத்துவிட்டு, கத்தல் தாங்காமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனான்.

குமரேசன் காற்றடித்தான். குச்சி இருபதில் நின்றது, முப்பதில் நின்றது. ஞானமுத்து உதைத்து வண்டியைக் கிளப்பினான். எஸ்தர் ஏறவில்லை.

"மொதல்ல இவியோ ஏறட்டும்" என்று என்னைக் காட்டினாள். "பெட்டியையும் மடியில வச்சுக்கிட்டு. அதே வளைவுக்குப் போயிட்டு வாங்க. முழுசா வந்தா நான் ஏறுதேன்."

நான் அதுவரை மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. ஏறி உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஞானமுத்துவின் சாமியையும் விடவில்லை. ரோடு இன்னும் ஈரம். வளைவையொட்டிய பழைய கோட்டைச் சுவர் தெரிந்தது. வளைவு வந்தது. வண்டி சாய்ந்தது. சாய்கிற வண்டியிலிருந்து குதிக்கலாமா என்று நினைக்கிற நேரத்துக்குள் அது வளைவை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்துவிட்டது. வழுக்கவில்லை, நெளியவில்லை, குதிக்கவில்லை. எனக்குக் கீழே சீட்டு, அதற்குக் கீழே இரும்பு, அதற்குக் கீழே ரப்பர் என்று எண்ணிக்கொண்டே போனேன். அதற்குள்ளே? ஒன்றுமில்லை. கையில் பிடிக்க முடியாத, கண்ணுக்குத் தெரியாத ஒன்று இரண்டு ஆம்பிளைகளையும் இத்தனை இரும்பையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நேற்றைக்கும் அதே காற்றுதான். நேற்று தள்ளிவிட்டது, இன்றைக்கு ஏந்துகிறது. நடுவில் சில ராத்தல்தான் வித்தியாசம். எனக்குக் கண் கலங்கியது. காற்றுப் பட்டுத்தான் என்று ஞானமுத்துவிடம் சொன்னேன்.

"இன்னொரு மட்டம் போவமா மக்கா?" என்று கேட்டது நான்தான். நம்பமாட்டீர்கள்.

மறுநாள் வெயில் ஏறுமுன்னால் எஸ்தர் முழங்கைக் கட்டோடு ஏறி உட்கார்ந்தாள். நான் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு, "தெனம் காத்துப் பாத்துட்டு ஒரு கார்டு போடுதேன் அண்ணே, கெடந்து உருகாதீங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் முதல் கார்டு வந்தது. "கொட்டாரக்கரை. இருபது, முப்பது. சுகம்." அவ்வளவுதான். கடை வேலையை விட்டுவிட்டு அஞ்சல்காரர் வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கார்டு. மலை ஏற ஏற வரிகள் கூடின. குளிரில் காலையில் குச்சி கொஞ்சம் குறைத்துக் காட்டுவதாக ஒன்றில். தேயிலைக்காரப் பெண்கள் குழலைச் சுற்றி நின்று கைதட்டியதாக ஒன்றில். கோயில் கார்டு பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. நாலு நாள் நான் மனுஷனாக இல்லை. ஐந்தாம் நாள் கடைவாசலில் வண்டிச் சத்தம். எஸ்தர் இறங்கி வந்து, எழுதி அனுப்பாமலே வைத்திருந்த பன்னிரண்டாவது கார்டைக் கல்லாமேல் வைத்தாள். "நேர வந்துட்டோம். எல்லாப் பெட்டியும் பாடிச்சு அண்ணே."

பிறகு மாநில எல்லைக்கோடு மாறி மலை அந்தப் பக்கமாகவும் நாங்கள் இந்தப் பக்கமாகவும் போனோம். அவர்கள் வேலை கிடைத்த பக்கமே குடியேறிவிட்டார்கள். வண்டியைப் பிரித்து விற்றதாகக் கேள்வி. இரும்புக்கடை இருந்த இடத்தில் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். கார்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். வீடு மாறியபோது திறந்தால் கறையான் மண்தான் இருந்தது. ஒன்பதாவது கார்டில் எஸ்தர் எழுதியிருந்த ஒரு விஷயம் மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மலை உச்சியில் ரோட்டோடு மேகம் இறங்கிவிட்டதாம். முன்னால் ஒன்றும் தெரியாமல் வண்டியை நிறுத்தி, குறைந்த காற்றை அங்கேயே நின்று அடித்தார்களாம். இப்போது டயருக்குள் இருப்பது மேகம்தான் என்று எழுதியிருந்தாளா, இல்லை, மேகம் எத்தனை ராத்தல் தாங்கும் என்று என்னைக் கேட்டிருந்தாளா? இரண்டில் எது என்று சொல்ல அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை.