தம்பிக்குத் திறக்காத பக்கங்கள்

தம்பியின் ஹெட்போன் வயர் கணினியிலிருந்து கழன்று விழுந்த அந்த மதியம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. நாற்காலியை நகர்த்திய யாரோ அதைத் தெரியாமல் இழுத்துவிட்டார்கள். அதுவரை அவன் காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று ஆப்பீஸ் முழுக்கக் கேட்டது. அதைக் குரல் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். தகரக் கூரைமேல் சரளைக் கல்லைக் கொட்டியது போல இடைவெளியே இல்லாத ஒரு சத்தம். ஆங்கிலம்தான் என்று பிறகு சொன்னான். என் காதில் ஒரு சொல்கூட நிற்கவில்லை. எல்லோரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். அவன் அதைக் கேட்டுக்கொண்டே எதையோ தட்டச்சு செய்து, "கெடைச்சிருச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அதன் பிறகுதான் அறை அமைதியாகிவிட்டது அவனுக்குத் தெரிந்தது. மேசையைத் தடவி வயரை எடுத்துச் சொருகிக்கொண்டு, "சாரிலா, எல்லாரையும் பயமுறுத்திட்டேன்" என்று சிரித்தான்.

அவனுக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கணினி அந்த வேகத்தில் வாசிக்க, காதால் கேட்டே வேலை செய்வான். பள்ளியில் படிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கல்லூரிக்குப் போவதற்குள் முழுவதுமாகப் போய்விட்டது என்று ஒருமுறை சொன்னான். சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கும் நிபோங் திபால். வேலைக்காகத் தீவுக்கு வந்து டத்தோ கிராமாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். என் வீடும் அந்தப் பக்கம் என்பதால் காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். "அக்கா, பசியாறியாச்சா?" என்பதுதான் அவனுடைய காலை வணக்கம். ஆப்பீஸில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடப் போக, சீனப் பெண்மணியான எங்கள் மேனேஜர் உட்பட எல்லோருக்குமே அவன் தம்பியாகிவிட்டான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் ஒரு மென்பொருளுக்கு உதவி சொல்லும் வேலை. இயந்திரம் நின்றுபோனால் திரையில் ஒரு பிழை எண் வரும். தொழிற்சாலையிலிருந்து எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த மென்பொருளின் கையேடுகள் ஒரு கடல். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு, திருத்தக் குறிப்புகள், திருத்தத்துக்குத் திருத்தம். பதில் அதற்குள் எங்கோ இருக்கும். இருப்பது தெரியும், இடம் தெரியாது. எங்கள் பிழைப்பே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

தம்பி கையேடுகளை எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகளாக மாற்றித் தன் கணினியில் பதிப்பு வாரியாகப் பிரித்து வைத்திருந்தான். படம், வண்ணம், பொத்தான் எதுவும் அதில் கிடையாது. ஒரு கட்டளை கொடுத்தால் அந்தச் சொல் வருகிற வரிகளும் அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகளும் மட்டும் வரும். கணினி அதை வாசிக்க, அவன் கேட்பான். நான் திரையில் பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் பதிலைச் சொல்லிவிடுவான். எப்படி என்று கேட்டேன். "எல்லாப் பக்கத்துலயும் இருக்கிற சொல்லைப் போட்டா எல்லாப் பக்கமும் வரும்க்கா. அந்த ஒரு பக்கத்துல மட்டும் என்ன சொல் இருக்கும்னு முதல்ல யோசிக்கணும்" என்றான். வேலையில் அவனுக்குக் கர்வம் உண்டு. யாராவது அவசரப்பட்டுத் தப்பான பதிப்பைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுவான். அதனால் சிலருக்கு அவனைப் பிடிக்காது. எனக்கு அவனைப் பிடிக்கும்.

பிறகு தலைமையகம் புதிய ஆவணத் தளம் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாக் கையேடுகளும் ஒரே இடத்தில், ஒரே தேடல் பெட்டியில். பாதுகாப்பு காரணமாக யாரும் சொந்தக் கணினியில் பிரதி வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கணினிப் பிரிவு ஆட்கள் வந்து தம்பியின் கோப்புகளை அழித்துவிட்டுப் போனார்கள். அவன் தடுக்கவில்லை. "புதுசு நல்லா இருந்தா எனக்கும் வேலை மிச்சம்தானே" என்றான்.

அன்று மாலையே தெரிந்துவிட்டது. தளத்தின் முதல் பக்கத்தில் அவன் கணினி "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தான், எதற்கு என்று சொல்லவில்லை. தேடல் பெட்டியை ஒருவழியாகக் கண்டுபிடித்து எழுதினாலும், முடிவுகள் திரையில் வந்து விழுவது அவனுக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தைக் கீழே நகர்த்த நகர்த்தப் புதிய முடிவுகள் சேர்ந்துகொண்டே போயின. வாசிக்கும் குரல் ஒவ்வொரு முறையும் மேலே போய் முதலிலிருந்து ஆரம்பித்தது. தம்பி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். பக்கம் நெசமாவே தொறந்திருக்கா?" என்று கேட்டான். திறந்துதான் இருந்தது. பளிச்சென்று, அழகாக.

மேனேஜர் கெட்டவர் அல்ல. அவனோடு உட்கார்ந்து பார்த்தார், தலைமையகத்துக்கு எழுதினார். தளத்தைச் செய்த நிறுவனத்துக்கு நானும் எழுதினேன். உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், வரும் பதிப்புகளில் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன், அதே பதில் வந்தது. பழைய எழுத்துக் கோப்புகளை அவனுக்கு மட்டுமாவது திருப்பிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றார்களாம்.

தளம் சரியாகும்வரை நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவனுக்கு விருப்பமில்லை, வேறு வழியும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். என் வாசிப்பு அவனுக்கு எவ்வளவு மெதுவாக இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் என்னமோ போல் இருக்கிறது. விரல்களால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பொறுத்திருப்பான்.

ஒருநாள் பெருநிலத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. இயந்திர வரிசை முழுக்க நின்றுவிட்டது. பிழை எண்ணைக் கேட்டதுமே தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது பழைய பதிப்புல இருக்கு. திருத்தக் குறிப்புல, கடைசிப் பக்கம் ஒண்ணுல. நான் கேட்டிருக்கேன்" என்றான். அவன் சொன்ன சொல்லைத் தேடல் பெட்டியில் போட்டேன். பெட்டி அதை எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டு, தானாகவே வேறு சொல்லாக மாற்றித் தேடியது. ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தன.

"மாத்தாம தேடச் சொல்லுங்கக்கா."

"அப்படிச் சொல்ல இடமே இல்ல தம்பி."

"பதிப்பைக் குறைங்க. பழசு மட்டும்."

"பழசு பட்டியல்லயே காணோமே."

வரும் முடிவுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். இது இல்லை, இது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். மறுமுனையில் தொழிற்சாலைக்காரர் "ஏதாச்சும் சொல்லுங்கலா, ஆளுங்க எல்லாம் சும்மா நிக்கிறாங்க" என்று கெஞ்சினார். நான் தலைப்புகளை வேகமாக வாசிக்கப் பார்த்து நாக்குளற, "போதும்க்கா!" என்று கத்திவிட்டான். ஆப்பீஸே திரும்பிப் பார்த்தது. தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "அந்தப் பக்கம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. கைக்கு எட்டல" என்றான். எனக்குத் திரை முழுக்கத் தெரிந்தது. அந்தப் பக்கம் எங்கே என்று தெரியவில்லை. அருகருகே உட்கார்ந்திருந்த எங்கள் இருவராலும் சேர்ந்துகூட ஒரு பக்கத்தைத் திறக்க முடியவில்லை. கடைசியில் வெளிநாட்டுக் கிளையிலிருந்து பதில் வாங்கிக் கொடுத்தோம். அதற்குள் அந்தத் தொழிற்சாலையில் ஒரு நாள் வேலை போய்விட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் அவனே பேச ஆரம்பித்தான். "நேத்து கத்தினதுக்கு மன்னிச்சிருங்கக்கா." அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். சிறிது நேரம் கழித்து, "கண்ணு போனப்பகூட இப்படி இருந்ததில்ல. அப்ப வேற வழி ஒண்ணு இருந்துச்சு" என்றான். இறங்கும் இடம் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன்பின் அவனை அழைப்புகளை எடுத்து மற்றவர்களுக்கு மாற்றிவிடும் வேலைக்குப் போட்டார்கள். தண்டனையில்லை, சம்பளமும் குறையாது, தளம் சரியாகும்வரை மட்டும்தான் என்றார் மேனேஜர். சொல்லும்போது அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. தம்பி சரி என்று கேட்டுக்கொண்டான். பிழை எண்ணைக் கேட்பான், வாய் திறந்து ஏதோ சொல்ல வருவான், பிறகு "ஒரு நிமிஷம் இருங்க" என்று வேறொருவருக்கு மாற்றிவிடுவான். பக்கத்து மேசையிலிருந்து அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். மழைக்காலம் தொடங்கும்போது ராஜினாமா செய்தான். கடைசி நாளில் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ரசத்தைக் குடித்துவிட்டு, "என் மேல பரிதாபப்பட்டு யார்கிட்டயும் பேசாதீங்கக்கா. தளம் சரியில்லன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க" என்றான். சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

இப்போது நிபோங் திபாலில் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இருக்கிறான். பார்வையற்ற பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைக் கணினியில் கேட்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னான். விசேஷ நாட்களில் பேசிக்கொள்வோம். மென்பொருள் வேலை பற்றி நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

போன மாதம் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆவணத் தளம் இனிப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்றப்பட்டிருக்கிறது, வெளியிடும் முன் ஒவ்வொரு கிளையிலும் சோதித்துச் சொல்லவும் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். இருவருக்கும் ஒரே நினைப்புதான். அங்கேயே தம்பியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதுக்கா. நான் பார்த்துச் சொல்றேன். தப்பு எங்கெங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றான். குரலில் பழைய வேகம் தெரிந்தது.

அவனுக்கு அனுமதி கேட்டு மேனேஜர் எழுதினார். நிறுவன ஊழியர்கள் மட்டுமே தளத்துக்குள் நுழைய முடியும் என்று பதில் வந்தது. சோதனைக்கு மட்டும் என்று மறுபடியும் எழுதினார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்கள். அதைத் தம்பியிடம் நான்தான் சொன்னேன். "அப்படியா, பரவால்லக்கா" என்றவன், "அப்ப யார் சோதிக்கப் போறாங்க?" என்று கேட்டான். எங்கள் ஆப்பீஸில் அதற்கு வேறு யார் முன்வருவார்கள்? நான்தான் என்றேன். "சரி, திரையைப் பார்க்காம செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

கணினியின் வாசிக்கும் குரலை இயக்கிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தேடல் பெட்டி வந்தது. ஒரு சொல்லைப் போட்டேன். குரல் எதையெதையோ சொல்லிக்கொண்டே போனது. எங்கே நிற்கிறேன், மேலே போகிறேனா கீழே போகிறேனா என்று ஒன்றும் புரியவில்லை. தளத்தின் குறையா, பழகாத என் குறையா என்பதும் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவன் உள்ளே வர முடியாத இடத்தில் இருந்தான். ஒரு விசையை அழுத்தினேன், குரல் நின்றுபோனது. விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நிற்க, கொஞ்ச நேரம் இருட்டில் காத்திருந்தேன். பிறகு கண்ணைத் திறந்துவிட்டேன்.