ஆல்வின் வந்து மாற்ற வேண்டிய கூலன்ட்

எங்கள் மாதனூர்த் தெருவில் இருநூறு சிசி வண்டி ஓட்டும் ஒரே பெண் ஹெப்சி அக்காதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். நான் அதே பிரிவில் மெஷின்காரி. தினமும் அவள் பின்சீட்டில் ஓசிப் பயணம். பஸ் நிறுத்தத்தில் ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், கழுத்து வலித்தால் அவர்களுக்குத்தானே.

வண்டி அவள் புருஷன் ஆல்வினுடையது. ஆள் மஸ்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வந்த மறுநாள் காலை, டீகூடக் குடிக்காமல் வண்டிக்குக் கூலன்ட் மாற்றுவான். என்ஜின் சூட்டைத் தணிக்கும் அந்தப் பச்சைத் தண்ணீருக்கும் ஆயுசு இரண்டு வருஷம்தானாம். அடியில் பேசின் பிடிப்பது அக்கா. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அதுதான் அவர்களுக்குத் திருவிழா. சிரிப்புச் சத்தம் என் வீடுவரை கேட்கும்.

இந்தமுறை ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அடுத்த மாசம்" என்றான். பிறகு இன்னொரு அடுத்த மாசம். போனில் பேச்சும் கம்மியாகிவிட்டது. கூலன்ட் கெடு தாண்டிவிட்டதே என்று நான் வாயைத் திறந்தால் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"அவரு வந்து மாத்துவாரு. நீ வாய மூடிக்கினு வா."

எனக்கா புரியாது? அவன் வருவதற்குள் மாற்றிவிட்டால் அவன் வரவே மாட்டான் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. படித்தவள்தான், விடாமல் ஜெபம் பண்ணுகிறவள்தான். ஒண்டியாக இருக்கிறவள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்?

அளவு இறங்க இறங்கக் கேன் தண்ணீரை ஊற்றினாள். எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பும் நாற்றமும், சோறாக்கவே கேன்தான். குடிக்கிற தண்ணீரைவிட நல்ல தண்ணீர் வண்டிக்கு எதற்கு என்று நினைத்துவிட்டாள்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது ஹைவேயில் வண்டி மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி அடுப்பாய்க் கொதித்தது. தள்ளிக்கொண்டே மெக்கானிக் மஹீன் கடைக்குப் போனோம். சூடு ஆறும்வரை அவன் மூடியைத் தொடவிடவில்லை. திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்குமாம். ஆறியபின் திறந்தால், பச்சையாக இருந்தது துருத் தண்ணீராக நின்றது.

"இன்னாக்கா, கேன் தண்ணி ஊத்தினீங்களா? அது நமக்குத்தான் நல்ல தண்ணி. அதுலயும் உப்பு இருக்குது. உடனே மாத்தணும், இல்லாட்டி என்ஜின் பேஜாராயிடும். நானே மாத்தித் தர்றேன்."

"வேணாம். நான் மாத்திக்கிறேன்."

வேறு ஆம்பளை கை படக்கூடாதாம். என்ன பிடிவாதமோ!

ஞாயிறு காலை, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே உட்கார்ந்தாள். பேசின் பிடித்தது நான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடி போல்ட்டைக் கழற்றினாள். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசினாள். போல்ட்டை முடுக்கி, புதுக் கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடியே என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். குமிழி வந்து அளவு இறங்கியது. மறுபடி நிரப்பி மூடினாள். பக்கத்துச் சின்ன டேங்கில் இரண்டு அளவுக் கோட்டுக்கும் நடுவில் வரும்படி ஊற்றி நிறுத்தினாள். தெருநாய் நக்கினால் செத்துவிடும் என்று பழையதை டப்பாவில் ஊற்றி மூடினாள். இதையெல்லாம் எப்போது கற்றாள்? பேசின் பிடித்துப் பிடித்தே.

அப்புறம் ஆல்வினுக்கு வீடியோ கால். 'நான் வர்றதுக்குள்ள இன்னா அவசரம்?' என்று அவன் கோபித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவள் ஏங்கினாள், முகத்திலேயே தெரிந்தது.

"கூலன்ட் நானே மாத்திட்டேங்க."

"அட, சூப்பர் ஹெப்சி! அப்ப இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல."

நிம்மதியாகச் சிரித்தான் பாவி. டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டான். போனுக்குள் கையைவிட்டு அவனை நாலு அறை அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அக்கா அந்தக் காலிப் பேசினை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள்.

"நான் மாத்தியிருக்கக் கூடாது, சைரா."