பதினோராம் அறையின் பதினோரு நிமிடம்

தராசின் முள் ஒரு நூல் விலகி நின்றாலும் சோறு இறங்காத மனிதர், தான் தங்கும் அறையை மட்டும் நாலு மடங்கு கூட்டிக் காட்டுவது ஏன்? இந்தக் கேள்வி தராசுக்காரரின் மனைவிக்குக் கல்யாணமான பத்தொன்பதாவது வருடத்தில்தான் எழுந்தது. அதற்கு முன் எழாததற்குக் காரணம் எளிது. அந்த அறைகளை அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள்.

அவருக்குத் தராசு பழுதுபார்க்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போவார். சந்தை, தபால் நிலையம், மருந்துக் கிடங்கு என்று எங்கெல்லாம் நிறுக்கிறார்களோ அங்கெல்லாம் தராசைத் திறந்து தூசு தட்டி, முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்த்துச் சரிசெய்வார். வீட்டிலும் அதே குணம்தான். காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் மறுபடி நிறுப்பார். குறைந்திருந்தால் சண்டைக்குப் போவார். கூடியிருந்தால் திருப்பிக் கொடுக்கப் போவார். இரண்டாவதுதான் அவளுக்கு மானக்கேடு.

"ரெண்டு தக்காளியைத் திருப்பிக் குடுக்க உச்சி வெயில்ல போற ஒரே ஆம்பளை நீங்கதான்."

"அவன் தராசு தப்புன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

இப்படிப்பட்டவரிடமிருந்து, வெளியூர் போன நாட்களில், சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒரு படம் வரும். அன்றைக்குத் தங்கியிருக்கும் அறை. மெத்தையின் கால்மாட்டில் நீலத் துணி ஒன்று அலட்சியமாக மடிந்து கிடக்கும். தலையணை மேல் ஒரு தடித்த புத்தகம் திறந்திருக்கும். ஜன்னல் வழியே தேன் நிறத்தில் வெளிச்சம் வந்து தரையில் படுத்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு, இவர் வேலைக்குப் போயிருக்கிறாரா, இல்லை காற்று வாங்கப் போயிருக்கிறாரா என்று சந்தேகம் வரும்.

கம்பெனி கொடுக்கும் பயணப்படிக்கு இவ்வளவு நல்ல அறையா என்று அவளும் ஒருமுறை கேட்டாள்.

"நெஜமாவே இப்படித்தான் இருக்குமா?"

"படத்துல இருக்கறது எல்லாம் அங்க இருக்கு" என்றார் அவர்.

உண்மைதான். படத்தில் இருந்ததெல்லாம் அறையில் இருந்தது. அறையில் இருந்ததெல்லாம் படத்தில் இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. மனிதர்கள் பெரும்பாலும் பாதிக் கேள்வியோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மீதிப் பாதியின் பதிலுக்குத்தான் விலை அதிகம்.

அவள் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுக்கு ஒரு தங்கை. வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். எட்டாவது மாடியில் வீடு. லிஃப்ட் வாய் திறந்து எந்த மாடி என்று சொல்லும். தங்கை வாரம் ஒரு படம் அனுப்புவாள். சில வாரம் சோபா, சில வாரம் சோபாவுக்கு எதிரே உள்ள விளக்கு. பதிலுக்கு அனுப்ப அக்காவிடம் சோபாவும் இல்லை, பேசுகிற லிஃப்டும் இல்லை. தங்கை சோபாவை அனுப்பினால் அக்கா பதினோராம் அறையை அனுப்புவாள். ஏரிக்கரை ஊர் ஒன்றில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தைத் தராசுகளைப் பார்க்கப் போகும்போது தராசுக்காரர் தங்குகிற அறை அது. அவர் எடுத்த படங்களிலேயே அதுதான் உசத்தி என்று குடும்பமே ஒப்புக்கொண்டிருந்தது.

"மாமா நல்லாத்தான் படம் காட்டறாரு" என்பாள் தங்கை. அந்த வார்த்தையில் புகழ்ச்சி எத்தனை கிராம், குத்தல் எத்தனை கிராம் என்று எந்தத் தராசும் சொல்லாது. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

வினை அங்கிருந்தே வந்தது. தங்கையின் வீட்டில் ஆறு பேரும் லீவுக்கு ஏரி பார்க்கக் கிளம்பினார்கள். "மாமா தங்கற லாட்ஜ்லயே ரெண்டு ரூம் போட்டுடலாம்னு இவர் சொல்றார். நீ ஒருதடவை மாமாகூடப் போய்ப் பாத்துட்டு வீடியோ கால் போடேன் அக்கா. நல்லா இருந்தா அப்பவே சொல்லிடறோம்."

"அதுக்கென்ன, அடுத்த வாரமே அங்கதான் போறாரு. நானும் போறேன்" என்று அக்கா வாயைக் கொடுத்தாள்.

தராசுக்காரர் அன்றிரவு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அந்த ரூம் காலியா இருக்கணுமே" என்றார்.

"போன் போட்டுக் கேளுங்க."

போட்டார். லாட்ஜ் மேனேஜருக்கு, எதிர்முனையில் இருப்பவருக்குக் காது மந்தம் என்ற எண்ணம் எப்போதும் உண்டு. அவர் பதில் கூடம் முழுக்கக் கேட்டது. "உங்களுக்கு இல்லாததா சார்? பதினொன்ன உங்களை விட்டா யாரு கேக்கறாங்க!"

"பாத்தீங்களா, உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்காங்க" என்றாள் மனைவி, பூரித்துப்போய்.

அடுத்த வாரம் பகல் இரண்டு மணிக்கு இருவரும் அந்த அறைக்குள் நுழைந்தார்கள். அவள் பையைக் கீழே வைக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரில் ஓதம் ஏறி, ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் போலப் பரவி, மூலையில் இரண்டு தீவுகளையும் உண்டாக்கியிருந்தது. திரைச்சீலை ஜன்னலைவிட ஒரு சாண் குட்டை. மின்விசிறிக்கு மூன்று வேகம் என்று போட்டிருந்தது. மூன்றும் ஒரே வேகம். குளியலறை வாசலில் ஒரு பக்கெட், உடைந்த பிடிக்குப் பதில் கயிறு கட்டிக்கொண்டு நின்றது.

"தப்பான ரூமுக்கு வந்துட்டோமா?"

"இதுதான்."

"அந்த ஜன்னல் எங்கங்க?"

"இதுதான்."

அவள் எட்டிப் பார்த்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு சுவர். அதற்கு மேலே எதிர்க்கட்டடத்தின் தகரக் கூரை.

"வெளிச்சம்?"

"நாலே முக்காலுக்கு வரும்."

"அது என்ன, ரயிலா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். சாய்ந்த வெயில் அந்தத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி ஜன்னலுக்குள் விழும், பதினோரு நிமிடம் இருக்கும், பிறகு போய்விடும். ஆறு வருடமாகப் பார்த்து, நிமிடம் குறித்து வைத்திருக்கிறார். இதையெல்லாம் குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பதுபோல் சொன்னார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்ததால் இரண்டுக்கும் வழி கிடைக்கவில்லை. இதற்குள் தங்கையிடமிருந்து செய்தி வந்துவிட்டது: 'வந்தாச்சா?'

'குளிச்சிட்டுக் கூப்பிடறேன்' என்று தட்டினாள்.

மூன்று மணிக்கு இன்னொன்று: 'இன்னுமா குளிக்கற?'

மூன்றரைக்கு: 'பாத்ரூமே அவ்வளவு நல்லா இருக்கா அக்கா?'

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "உக்காந்து என்ன பண்றீங்க? எப்படிப் படம் எடுத்தீங்களோ அதை எடுங்க வெளிய. எல்லாத்தையும்."

அவர் பையின் அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கிராம் என்றார், அவள் கேட்காமலே. உள்ளே நீலத் துணி. தராசு வந்த பெட்டியிலிருந்து வெட்டிய வெள்ளைத் தெர்மகோல் அட்டை. கைவிரல் நீளத்தில் டார்ச், அதன் முகத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பட்டர் பேப்பர். துணி கிளிப் நாலு. அவ்வளவுதான். தடித்த புத்தகம் மட்டும் கணக்கில் வராது. அது தொழிலுக்கானது, எடை அளவைச் சட்டம்.

அவள் நீலத் துணியை விரித்தாள். முகர்ந்தாள். விளிம்பைத் திருப்பினாள்.

"இது என் புடவை முந்தானை இல்ல? கிழிஞ்சுபோச்சுன்னு ஸ்கூட்டர் துடைக்கக் குடுத்தேனே!"

"நல்ல கலர்" என்றார் அவர்.

"பொறந்த நாளுக்குக் கட்டினப்போ ஒரு வார்த்தை சொல்லல. இப்ப நல்ல கலராம்." புத்தகத்தைப் பிரித்தாள். அது தானாகவே அறுபத்திரண்டாம் பக்கத்தில் திறந்துகொண்டது. "எல்லாப் படத்துலயும் இதே பக்கம்தானே? ஆறு வருஷமா இன்னும் தாண்டலையா?"

"அந்தப் பக்கத்துலதான் அழகா ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கு."

அவள் சிரிக்கக் கூடாது என்று இருந்தாள். முடியவில்லை.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். முதலில் டியூப் லைட்டை அணைத்தார். வெயிலும் டியூப் லைட்டும் ஒரு வீட்டு மாமியார் மருமகள், ஒன்றாக இருந்தால் அறை நீலம் பாரித்துவிடும் என்றார். கட்டிலை மூன்று சாண் தள்ளினார். வரைபடம் கட்டிலின் தலைப்பக்கத்துக்குப் பின்னே போயிற்று. தீவுகள் மட்டும் எஞ்சின. குட்டைத் திரைச்சீலையைக் கிளிப்பால் ஒரு ஓரத்தில் சேர்த்துக் கட்டியதும் அது வேண்டுமென்றே அப்படிக் கட்டியதுபோல் ஆயிற்று. இருண்ட மூலையில், நாற்காலிக்குப் பின்னே, டார்ச்சைச் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தார். நீல முந்தானையைக் கால்மாட்டிலும் புத்தகத்தைத் தலையணையிலும் போட்டார். போன் கேமராவின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். மறக்கிறவர்களுக்குப் படம் பனிமூட்டமாக வரும் என்று அதற்கும் ஒரு விளக்கம்.

"இவ்வளவும் சரி. எங்க நின்னு எடுப்பீங்க?"

அவர் பக்கெட்டை நகர்த்திவிட்டு, குளியலறை வாசற்படியில் குந்தினார். போன் கட்டில் உயரத்துக்கு வந்தது.

"இந்த ரூம் அழகா தெரியணும்னா கக்கூஸ் வாசல்ல குந்தணுமா?"

"இங்கேருந்து மட்டும்தான் சரியா வருது."

அவளும் பக்கத்தில் குந்திப் பார்த்தாள். நாலு மணி நாற்பத்தைந்து. தகரக் கூரையிலிருந்து வெளிச்சம் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, முந்தானை மேல் ஏறி, தரையில் இறங்கிப் படுத்துக்கொண்டது. ஆறு வருடமாகத் தங்கைக்கு அனுப்பிய அறை கண்ணெதிரே இருந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"சரி, நான் கட்டில்ல உக்காந்துக்கறேன். நீங்க இங்கேருந்தே போனைப் பிடிங்க. அந்தத் தெர்மகோலை என் இடது பக்கம் நாற்காலியில கிளிப் போட்டு வைங்க, கன்னம் இருட்டா இருக்கு. ஒரு இன்ச் இப்படி அப்படி ஆடக் கூடாது. என் மானம் உங்க கையில இருக்கு."

தராசுக்காரரின் கை ஆடாது. ஊரறிந்த விஷயம். மில்லிகிராம் கல்லை இடுக்கியால் எடுத்து வைக்கிற கை அது.

அழைப்பு போயிற்று. தங்கையின் முகம் திரையில் வந்தது, வழக்கமான சோபாவில்.

"அக்கா! என்ன அக்கா இது, படத்தைவிட நல்லா இருக்கு!"

"ஏதோ, இருக்கு" என்றாள் அக்கா, இருக்கிறவர்கள் சொல்கிற அலட்சியத்தோடு. கால்மாட்டில் கிடந்த முந்தானையை இரண்டு விரலால் நீவிவிட்டாள். "இந்த நேரத்துல கொஞ்சம் நல்லா இருக்கும்."

"நீ கூட நல்லா இருக்க. நெஜமாத்தான் சொல்றேன்." தங்கை குரல் இறங்கியது. "எனக்கு இப்படி ஒரு ஜன்னல் இல்ல அக்கா. எட்டாவது மாடின்னுதான் பேரு, கதவைத் திறந்தா ஒரே அனல்."

பத்தொன்பது வருடத்தில் தங்கை வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. அக்கா அதை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ள ஒரு நொடி கண்ணை மூடினாள்.

பின்னாலிருந்து தங்கையின் கணவர் குரல் கேட்டது. "என்ன, நல்லா இருக்கா? போட்டுடவா ரெண்டு ரூம்? முன்பணம் இப்பவே கட்டிட்டா திருப்பித் தர மாட்டாங்களாம், யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? மாமா தங்கற இடம். போடுங்க."

வெளிச்சம் போக இன்னும் நாலு நிமிடம் இருந்தது. டார்ச் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் போன் நகர்ந்தது.

நடுக்கத்தால் நகரவில்லை. தராசுத் தட்டு இறங்குவதுபோல், நிதானமாக, ஒரே சீராகத் திரும்பியது. கட்டில் போயிற்று. சுவர் வந்தது. இரண்டு தீவுகள் வந்தன. சற்று உயர்ந்து, கட்டிலுக்குப் பின்னே ஒளிந்திருந்த நாடும் வந்தது. மூன்று வேகமும் ஒன்றான மின்விசிறி, பூச்சு உதிர்ந்த குழாய், குளியலறைத் தரை, கயிறு கட்டிய பக்கெட். பக்கெட்டில் வந்து போன் நின்றது.

"மாமா..." என்றாள் தங்கை. "அது என்ன?"

"பக்கெட்" என்றார் தராசுக்காரர். "பிடி உடைஞ்சிருக்கு. கயிறு புதுசு, தாங்கும்."

"நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

சொன்னார்.

எட்டாவது மாடியிலிருந்து தங்கையின் சிரிப்பு கேட்டது. பின்னால் அவள் கணவரின் சிரிப்பும். அக்கா எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். முகம் சிவந்திருந்தது. "சிரிக்காதடி. சாயங்காலம் பதினோரு நிமிஷம் சொர்க்கம் மாதிரி இருக்கும். மத்த நேரத்துக்குத்தான் வேற லாட்ஜ் பாத்துக்கணும்" என்று சொல்லித் துண்டித்தாள்.

அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. மறுநாள் திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள்.

"ஏன் திருப்பினீங்க?"

அவர் ஜன்னலோர இருக்கையை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் பதில்.

குடும்பத்தில் இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. குந்திக் குந்திக் கால் மரத்துப்போய்த் திரும்பியிருப்பார் என்பது தங்கையின் கட்சி. முன்பணம் என்ற வார்த்தைதான் தட்டில் விழுந்த கல் என்பது தங்கை கணவரின் கட்சி. மனைவி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஏனென்றால் மறு வாரமே வேறொரு ஊரிலிருந்து, ஐந்து மணிக்கு, அவளுக்கு வழக்கம்போல ஒரு படம் வந்தது. தேன் நிற வெளிச்சம், கால்மாட்டில் நீல முந்தானை, தலையணை மேல் அறுபத்திரண்டாம் பக்கம். பக்கெட் எங்கேயும் இல்லை.